வானூர்தியை எழுப்பிய கைகள்

உத்தரமேரூரைச் சூழ்ந்த கழனிகளில் எண்ணெய் எஞ்சின்கள் ஒலித்துக்கொண்டிருந்த காலத்தை நான் நன்கு அறிவேன். ஏரியில் நீர் வற்றிய மாதங்களில் கிணறே உழவர்க்குத் துணை. கிணற்று மேட்டில் ஓலைக் கொட்டகை ஒன்று இருக்கும். அதனுள் எஞ்சின், எஞ்சினின் அச்சில் கனத்த இரும்புச் சக்கரம். விடியற்காலையில் உழவர் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைக் கொணர்ந்து அச்சின் முனையில் மாட்டுவார். எஞ்சினின் தலையில் உள்ள சிறு நெம்புகோலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் கைப்பிடியைச் சுற்றத் தொடங்குவார். சக்கரம் மெல்லத் திரும்பும், பின்னர் விரையும். தக்க வேகம் வந்துவிட்டது என்று அவர் தோள் உணர்ந்ததும் நெம்புகோலை விட்டுவிடுவார். எஞ்சின் ஒருமுறை இருமும்; கரும்புகைச் சுருள் ஒன்றை வெளியே விடும்; பிறகு விடாமல் முழங்கும். சிறிது நேரத்தில் குழாய் வாயில் நீர் பாயும்.

அக்கைப்பிடியைப் பற்றுவதற்கு ஒரு முறை உண்டு. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்கு எதிராக மடக்கிப் பிடித்தலாகாது. ஐந்து விரல்களையும் ஒரே பக்கமாக வைத்துப் பிடித்தல் வேண்டும். ஏனெனில், எஞ்சின் சில வேளைகளில் முன்னோக்கிச் சுழலாமல் பின்னோக்கி உதைக்கும். அவ்வாறு உதைக்கும்போது ஒரே பக்கமாக வைத்த விரல்கள் தாமே விடுபடும். கட்டைவிரலைச் சுற்றி வைத்தவர்க்கு மணிக்கட்டு முறியும். எங்கள் தெருவில் இருந்த பெரியவர் ஒருவருக்கு வலக்கை சற்றே கோணியிருக்கும். காரணம் கேட்ட சிறுவர்களிடம் அவர் கைப்பிடியைச் சுட்டிக் காட்டுவாரே அன்றி ஒரு சொல்லும் கூறமாட்டார்.

சிறுவர்களாகிய நாங்கள் அக்கொட்டகை வாயிலில் நின்று அண்ணாந்து நோக்கினால், சில நாள்களில் தாம்பரத்துப் பக்கமிருந்து வரும் பயிற்சி விமானம் ஒன்று தென்படும். விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி அளிக்கும் விமானப்படைப் பள்ளி, 1948-இல் அம்பாலாவில் தொடங்கப்பெற்று, 1954-இல் தாம்பரத்திற்கு வந்து சேர்ந்தது. மேலே பறக்கும் அவ்விமானத்திற்கும் கிணற்று மேட்டு எஞ்சினுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை அந்நாளில் நாங்கள் அறிந்திலோம். பழைய விமானங்களின் எஞ்சினையும் யாரேனும் ஒருவரோ, ஏதேனும் ஒன்றோ முதலில் சுழற்றிக் கொடுத்தாலன்றி அது உயிர்பெறாது.

அது தானே சுழலத் தொடங்குதல் ஏன் இயலாது? எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் என்னும் உறுப்பு உரலுள் உலக்கைபோல் மேலும் கீழும் இயங்குகிறது. அது நான்கு தொழில்களை மாறி மாறிச் செய்கின்றது. பெட்ரோல் ஆவி கலந்த காற்றை உள்ளே இழுத்தல் ஒன்று. அதனை நெருக்குதல் இரண்டு. நெருக்குண்ட ஆவி மின்பொறியால் எரிந்து பிஸ்டனை உந்துதல் மூன்று. எரிந்த புகையை வெளியே தள்ளுதல் நான்கு. இவற்றுள் மூன்றாவது ஒன்றே ஆற்றலைத் தருவது. ஏனைய மூன்றும் ஆற்றலைச் செலவிடுவன. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின், ஒருமுறை எரிந்ததால் பெற்ற விசையின் ஒரு பகுதியைக் கொண்டே அடுத்த முறைக்கு வேண்டியதை இழுத்து நெருக்கிக்கொள்கின்றது. நின்றுபோன எஞ்சினிடம் அந்த முதல் இல்லை. அது விதைநெல் இல்லாத உழவனைப் போன்றது. நிலம் இருந்தும், நீர் இருந்தும், யாரேனும் ஒரு மரக்கால் விதைநெல் கடனாகக் கொடுத்தாலன்றி அவனால் விதைக்க முடியாது. எஞ்சினை எழுப்பும் முறைகள் யாவும் இந்தக் கடனைக் கொடுக்கும் முறைகளே.

மனிதன் தன் கையாலேயே அக்கடனைக் கொடுத்த முறை எல்லாவற்றிலும் பழமையானது. 1931-இல் முதன்முதலாகப் பறந்த ‘டைகர் மாத்’ என்னும் பயிற்சி விமானத்தை இதற்கு எடுத்துக்கொள்வோம். ஒன்றன்மேல் ஒன்றாக ஈரடுக்குச் சிறகுகளும், ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த இருக்கைகள் இரண்டும் கொண்டது அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து இந்திய விமானிகள் பலர் முதலில் பறக்கக் கற்றது அதில்தான். அதன் எஞ்சினுக்கு நான்கு உருளைகள், 130 குதிரைத்திறன். அதனை எழுப்பியது விமானத்தின் முகப்பில் நிற்கும் பணியாளர் ஒருவரின் கை.

முதலில் சக்கரங்களுக்கு முன்னே மரக்கட்டைகளை அண்டை கொடுப்பர். பணியாளர் எஞ்சினின் மூடியைத் திறந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவியில் உள்ள சிறு முனையை அழுத்துவார். பெட்ரோல் பெருகிச் சொட்டியதும் மூடியைச் சாத்துவார். பின்னர் விசிறியின் முன் வந்து நின்று, சுவிட்சுகள் அணைந்துள்ளனவா என்று உரக்கக் கேட்பார். உள்ளே அமர்ந்த விமானி சுவிட்சைத் தொட்டுப் பார்த்து, அணைந்துள்ளன என்று அதே சொற்களில் விடை கூறுவார். அவ்விடை காதில் விழுந்த பின்னரே பணியாளர் விசிறியைத் தொடுவார். அதனை மெல்ல இழுத்து நான்கு முறை திருப்புவார். உருளைகள் பெட்ரோல் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஓர் அலகைத் தமக்கு வாய்ப்பான உயரத்தில் நிறுத்தி, ‘காண்டாக்ட்’ என்று கூவுவார். விமானி ‘காண்டாக்ட்’ என்று திருப்பிக் கூறிச் சுவிட்சைப் போடுவார். பணியாளர் அலகை ஒரே வீச்சில் கீழ்நோக்கி இழுத்துவிட்டு, அவ்வீச்சின் வேகத்திலேயே பின்வாங்கி விலகிவிடுவார்.

இங்கே ஒரு சொல் கூற விரும்புகின்றேன். நான் தமிழ் பயின்ற நாளில் என் ஆசிரியர் ஓரடி கூறினால், அதனை நாங்கள் பிழையின்றித் திருப்பிச் சொன்ன பின்னரே மறு அடிக்குச் செல்வார். கேட்டவன் சரியாகக் கேட்டானா என்பதை அறிய அதனைவிடச் சிறந்த வழி இல்லை. விமானத் திடலிலும் அதே வழக்கம் இருந்தது என்பதைப் பின்னாளில் படித்து வியந்தேன். எங்கள் பாடத்தில் பிழை நேர்ந்தால் ஆசிரியரின் முகம் கடுக்கும், அவ்வளவே. விசிறியின் முன்னே ஒரு சொல் பிழைபடக் கேட்டால் ஓர் உயிர் போய்விடும்.

சுவிட்சு அணைந்தது என்று உறுதி பெற்ற பிறகும் அஞ்சுவானேன் என்று நீங்கள் வினவலாம். விமான எஞ்சினில் மின்பொறியை உண்டாக்குவது மாக்னெட்டோ என்னும் கருவி. அதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. சுழன்றாலே அது மின்சாரத்தைப் பிறப்பிக்கும். நம் வீட்டு விளக்கின் சுவிட்சு கம்பிகளை இணைத்தால் விளக்கு எரியும், பிரித்தால் அணையும். மாக்னெட்டோவின் சுவிட்சோ இதற்கு நேர்மாறானது. அது கம்பியை எஞ்சினின் உலோக உடலோடு இணைக்கும்போதே மின்பொறி அடங்கும். பிரிக்கும்போது மின்பொறி எழும். ஆகவே அக்கம்பி எங்கேனும் அறுந்திருந்தால், சுவிட்சு அணைந்த நிலையில் இருப்பினும் எஞ்சின் விழித்தே இருக்கின்றது. உருளைக்குள் சிறிது ஆவி எஞ்சியிருக்க, ஒருவர் விளையாட்டாக விசிறியைத் தட்டினாலும் அது திடீரென்று சுழன்று வெட்டிவிடும். இக்காரணத்தால், எந்த விசிறியையும் உயிருள்ளதாகவே கருதுதல் வேண்டும் என்பது அத்தொழிலில் முதற்பாடமாயிற்று. விசிறியின் மீது சாய்ந்து நிற்கலாகாது. தளர்ந்த உடையோடு அருகில் செல்லலாகாது. அலகின் விளிம்பைச் சுற்றி விரல்களை மடக்கலாகாது. வழுக்கும் தரையில் நின்று அதனைச் சுழற்றலாகாது. கட்டைவிரலைப் பற்றி எங்களூர் உழவர் சொன்னதும் இதுவே.

நிற்க. 1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப்படை சட்டப்படி தோன்றியது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் அதன் முதற்படைப்பிரிவு நான்கு ‘வாபிட்டி’ விமானங்களோடு அமைந்தது. விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகளோடு பத்தொன்பது தொழிலாளர் அதில் இருந்தனர். அவர்களுக்கு ‘ஹவாய் சிப்பாய்கள்’, அஃதாவது வான்படை வீரர்கள், என்று பெயர். விமானிகளின் பெயர்களை வரலாறு போற்றுகின்றது. இப்பத்தொன்பதின்மர் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1939-இல் போர் மூண்டபோது மதராஸ் கடற்கரையைக் காப்பதற்கென்று அமைந்த தன்னார்வப் படைப்பிரிவும் வாபிட்டி விமானங்களையே ஓட்டியது.

வாபிட்டியின் எஞ்சினுக்கு ஒன்பது உருளைகள். ஏறத்தாழ 500 குதிரைத்திறன். இத்துணைப் பெரிய எஞ்சினைத் தனியொருவர் கையால் எழுப்புதல் அரிது. இத்தகையவற்றுக்கு மூவர் வரிசையாகக் கைகோத்து நிற்க, முதல்வர் அலகைப் பற்றுவார். மூவரும் ஒருமித்து இழுத்துக்கொண்டே ஓடுவர். கால் இடறினால் மூவருக்கும் கேடு. இவ்விடரைக் கண்டு இங்கிலாந்து நாட்டு விமானி பென்ட்ஃபீல்டு ஹக்ஸ் என்பவர் ஒரு வழி கண்டார். ஃபோர்டு மோட்டார் வண்டி ஒன்றின்மேல் நீண்ட தண்டைப் பொருத்தி, அதன் முனையை விமான விசிறியின் நடுவில் உள்ள கொளுவியில் மாட்டி, வண்டியின் எஞ்சினைக்கொண்டு விமானத்தின் எஞ்சினைச் சுழற்றச் செய்தார். விமான எஞ்சின் எழுந்து விரைந்ததும் தண்டு தானே கழன்றுகொள்ளும். வண்டி பின்னே சென்றுவிடும். ஹக்ஸ் 1918-இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய வண்டிகள் அதன் பின்னும் பல்லாண்டுகள் பல விமானத் திடல்களில் உழைத்தன. ஆயினும், வண்டி இல்லாத திடலில் இறங்கிய விமானம் என்ன செய்யும்?

அதற்கு விடையாகத் தோன்றியவற்றுள் ஒன்று, நம் கிணற்று மேட்டுச் சக்கரத்தின் தம்பி எனலாம். ‘ஹார்வர்டு’ என்னும் பயிற்சி விமானத்தை நம் விமானப்படை நெடுங்காலம் பயன்படுத்தியது. அதன் எஞ்சின் ஒன்பது உருளைகளும் 600 குதிரைத்திறனும் உடையது. எஞ்சினின் பின்னே சிறிய சக்கரம் ஒன்றை வைத்தனர். பணியாளர் விமானத்தின் மூக்கருகே கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார். பற்சக்கரங்கள் அச்சுழற்சியைப் பல மடங்காகப் பெருக்க, உள்ளிருக்கும் சக்கரம் நிமிடத்திற்குப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும். முதலில் கைப்பிடி மலைபோல் கனக்கும், வரவர இலேசாகும். உள்ளே எழும் ஒலியோ முனகலாய்த் தொடங்கி ஊளையாய் உயரும். பழகிய பணியாளர் அவ்வொலியைக் கேட்டே போதுமா போதாதா என்று அறிவார். பின்னர்க் கைப்பிடியை உருவிக்கொண்டு அவர் விலகுவார். விமானி உள்ளிருந்து அச்சக்கரத்தை எஞ்சினோடு இணைப்பார். சேமித்த சுழற்சி முழுவதும் சில நொடிகளில் எஞ்சினுக்குள் பாயும். அதற்குள் அது பற்றிக்கொண்டால் நன்று. இல்லையேல் மீண்டும் முதலிலிருந்து சுற்றுதல் வேண்டும். மின்சாரத்தால் அச்சக்கரத்தைச் சுழற்றும் ஏற்பாடும் உண்டு. மின்கலம் சோர்ந்த நாளில் கையே துணை.

பர்மாப் போர்முனையில் நம்மவர் ஓட்டிய ‘ஹரிக்கேன்’ விமானத்திற்குப் பன்னிரண்டு உருளைகள். மின்கலங்களை அடுக்கிய தள்ளுவண்டி ஒன்றைக் கொணர்ந்து கம்பியால் இணைத்து அதனை எழுப்புவர். வண்டி இல்லையேல், எஞ்சினின் இரு புறமும் கைப்பிடிகளைச் செருகி இருவர் சுற்றவும் வழி செய்திருந்தனர். எஞ்சின் எழும்போது அவ்விருவரும் விசிறிக்குச் சில அடி பின்னே, புகையும் தீநாவும் உமிழும் குழாய்களுக்கு அருகே நிற்பர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வெடிமருந்தையே கடனாகக் கொடுத்த முறையும் உண்டு. காஃப்மன் என்னும் அமெரிக்கரின் பெயரால் அது வழங்கியது. வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவைப் பெரிதாக்கியது போன்ற தோட்டா ஒன்றை விமானி பொத்தானை அழுத்தி வெடிக்கச் செய்வார். அதிலிருந்து எழும் வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளும். அதனோடு இணைந்த திருகுபற்கள் எஞ்சினைச் சுழற்றிவிடும். ‘ஸ்பிட்ஃபயர்’ விமானத்தின் சில வகைகளிலும், 1947, 1948-ஆம் ஆண்டுகளில் காஷ்மீரப் போரில் நம் படை ஓட்டிய ‘டெம்பெஸ்ட்’ விமானத்திலும் இம்முறை இருந்தது. தள்ளுவண்டியும் வேண்டா, கைப்பிடியும் வேண்டா என்பது இதன் சிறப்பு. வெடித்த தோட்டா வெடித்ததே என்பது இதன் குறை. பெட்ரோலைக் குறைவாகச் செலுத்தினால் எஞ்சின் எழாது. மிகையாகச் செலுத்தினால் தீப்பற்றும். கையிலோ சில தோட்டாக்களே. பின்னர் வந்த ஜெட் விமானங்களிலும் தோட்டா வழக்கு ஒழியவில்லை. 1957 முதல் 2007 வரை நம் படையில் பணிபுரிந்த ‘கான்பெரா’ குண்டுவீச்சு விமானம், தோட்டா வெடித்துக் கரும்புகை கக்கியே விழித்தெழும்.

இனி, கையின் பணி மின்சாரம் வந்த பின்னும் நீங்காத ஓர் இடத்தைக் காண்போம். உருளைகளை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் சுற்றிலும் அமைத்த எஞ்சின்கள் பல. அவற்றில் கீழ்ப்பகுதி உருளைகள் தலைகீழாகத் தொங்கும். விமானம் சில மணி நேரம் நின்றிருந்தால், மசகெண்ணெய் மெல்லக் கசிந்து அவ்வுருளைகளில் தேங்கிவிடும். காற்றை நெருக்கலாம், எண்ணெயை நெருக்க இயலாது. அதனை அறியாமல் மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றினால், பிஸ்டன் எண்ணெயில் மோதி நிற்க, அதனைத் தாங்கும் தண்டு வளையும். அக்கேடு சில வேளைகளில் உடனே தெரியாது. வானில் சென்ற பின் தண்டு முறிந்து தெரியவரும். ஆகவே பணியாளர் முதலில் விசிறியைக் கையால் இழுத்து, அலகுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சுழற்றுவர். ஓர் அலகு இறுகி நின்றால் வலிந்து தள்ளலாகாது. கீழ் உருளையின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்தல் வேண்டும். விசிறியைப் பின்னோக்கித் திருப்பினால் இறுக்கம் நீங்கியதுபோல் தோன்றும். எண்ணெயோ உள்ளிழுக்கும் குழாயுள் ஒளிந்துகொண்டு, எஞ்சின் சுழன்றதும் மீண்டும் வந்து சேரும். அது சோம்பியவன் செய்யும் வேலை.

‘லிபரேட்டர்’ என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தின் எஞ்சின்கள் இவ்வகையினவே. ஒவ்வொன்றுக்கும் பதினான்கு உருளைகள், 1,200 குதிரைத்திறன். உலகப் போர் முடிந்தபோது, அமெரிக்காவிலிருந்து கடன் ஒப்பந்தத்தின் கீழ் வந்த இவ்விமானங்களைப் பிறர் பயன்படுத்தாதபடி கான்பூரில் குவித்துச் சிதைத்துவிட்டனர். சிலவற்றின் எஞ்சின்களில் மணலைக் கொட்டினர் என்பர். மசகெண்ணெய் ஓடவேண்டிய இடத்தில் மணல் புகுந்தால் எஞ்சின் தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். விடுதலை பெற்ற இந்தியாவிடம் கனத்த குண்டுவீச்சு விமானம் ஒன்றேனும் இல்லை. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் 1948-இல் கான்பூருக்குச் சென்று, அச்சிதைவுகளுள் தேறுவனவற்றைத் தேர்ந்து, பறக்கும் அளவிற்குச் செப்பனிட்டனர். விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். இவ்வாறு வந்தவை நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு எஞ்சின்கள். ஒவ்வோர் எஞ்சினையும் முதன்முறை எழுப்பியபோது அருகில் நின்றவர்களின் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும்! பெங்களூரில் முற்றிலும் புதுக்கப்பெற்ற அவ்விமானங்கள் 1968 வரை நம் படையில் இருந்தன. ஒன்று பாலம் விமானப்படைக் காட்சிச்சாலையில் நிற்கின்றது. குப்பையிற் கிடந்ததை எழுப்பிய இச்செயலை நான் போர்க்கள வெற்றி ஒன்றிற்குக் குறைந்ததாக எண்ணுவதில்லை.

அதே வகை எஞ்சின்கள் இரண்டைக் கொண்டது ‘டகோட்டா’. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களை ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானங்கள் தில்லியிலிருந்து சீநகர் சென்று இறங்கின. மறு ஆண்டு மே 24 அன்று, மெஹர் சிங் என்னும் விமானப்படை அதிகாரி, தளபதி திம்மய்யாவை உடன் அமர்த்திக்கொண்டு லே நகரில் இறங்கினார். கடல் மட்டத்திற்கு 10,000 அடிக்கு மேல், சிந்து ஆற்றின் அருகே விரைந்து சமன்செய்த மண் திடல் அது. அத்தகைய இடத்தில் மின்கல வண்டியும் பணிமனையும் எங்ஙனம் இருக்கும்? குளிரில் மசகெண்ணெய் பாகுபோல் தடிக்கும், மின்கலத்தின் வலிமை குன்றும், காற்றோ மெலிந்தது. அங்கே எஞ்சின் ஒன்று நின்று மறுபடி எழ மறுத்தால், அவ்விமானம் மலைகளுக்கிடையே சிறைப்பட்டதாகும்.

சீநகருக்கு முதலில் படைவீரரைக் கொண்டு சென்ற டகோட்டாவின் எண் வி.பி. 905. அவ்வெண்ணைத் தாங்கிய பழைய டகோட்டா ஒன்று, ‘பரசுராமர்’ என்னும் பெயரோடு, இங்கிலாந்தில் செப்பனிடப்பெற்றுப் பறந்து வந்து, 2018 மே 4 அன்று தில்லியை அடுத்த ஹிண்டன் தளத்தில் விமானப்படையைச் சேர்ந்தது. அதனை வழங்கியவர் ராஜீவ் சந்திரசேகர். அவர் தந்தையார் டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி. இவ்வகை எஞ்சினை எழுப்புமுன் இன்றும் பணியாளர் விசிறியின் அருகே வந்து, ஓர் அலகைத் தள்ளி, நடந்து, அடுத்த அலகைத் தள்ளி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே செல்வர். எண்ணி முடித்து விலகிக் கையை உயர்த்துவர். உள்ளே விமானி பொத்தானை அழுத்துவார். விசிறி தயங்கித் திரும்பும், ஓர் உருளை பற்றும், மற்றொன்று பற்றும், கீழ் உருளைகளில் எஞ்சிய எண்ணெய் எரிய, வெண்புகை குபுகுபுவென்று எழுந்து சிறகின் மேலாகப் பின்னே சென்று கலையும்.